ஐந்து சொல், மூன்று குருவி

நெய்வேலியில் எங்கள் பிளாக்குக்குப் பகலிலும் ஒரு தூக்கம் உண்டு. நைட் ஷிப்ட் முடித்து வந்த ஆண்கள் ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டுப் படுத்தார்கள் என்றால், பெண்கள் நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஒரு குவார்ட்டர்ஸிலிருந்து இன்னொன்றுக்குப் போவோம். குழாய்த் தண்ணீர் சத்தம் போடாமல் விழ வாளிக்குள் ஒரு துணியைப் போட்டு வைப்போம். தெருவோர மரக்கன்றுகள் அப்போதுதான் ஆள் உயரம் வந்திருந்தன. தூரத்தில் சுரங்கத்திலிருந்து ஒரு முனகல் வந்துகொண்டே இருக்கும். அது நின்றால்தான் இத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்ததே தெரியும். அந்த அரைத்தூக்கத்துக்குள் உட்கார்ந்துதான் நான் ஆண்களுக்கு வாழ்த்து அட்டை செய்தேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கல்யாணம் ஆனதும் பள்ளிக்கூட வேலையை விட்டிருந்தேன். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ரகம் நான்.

பொங்கல் நெருங்கிவிட்டால் வடலூர் கடைத்தெருவில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிடுவார்கள். பானை, கரும்பு, தாமரை, தாவணி போட்ட பெண். எங்களுக்குள் கொடுத்துக்கொள்ள அது போதும். ஆண்களுக்கு எதைக் கொடுப்பது? பக்கத்து வீட்டு அக்கா, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்க்காரி, ஒருநாள் கையில் ஒரு தாமரை அட்டையோடு வந்து நின்றாள்.

"இன்னாம்மா இது! இத எங்க வூட்டுக்காரருகிட்ட நீட்னா, யாருக்கு வாங்கனத எனக்குக் குடுக்கறேன்னு கேட்டுகினே ஷிப்டுக்குப் போயிடுவாரு."

அவள் வீட்டுக்காரர் ஏர் ஓட்டியவர். இப்போது சுரங்கத்தில் பெல்ட் ஓடுகிற இடத்தில் வேலை. நான் ஒரு உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, பழைய பிளேடால் ஒரு காளைத் தலையைச் செதுக்கி, மையில் ஒற்றிக் காகிதத்தில் குத்திக் கொடுத்தேன். பார்த்தால் ஆடு. அக்கா உற்றுப் பார்த்துவிட்டு, "கொம்பப் பெருசா வுடு, மாடாயிடும்" என்றாள். விட்டேன், மாடாகிவிட்டது. அந்த மனுஷர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய் ஷிப்ட் முழுக்கக் காட்டியிருக்கிறார். அதிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் கூட்டம்.

காகிதத்துக்குப் பஞ்சமில்லை. என் கணவருக்கு அனல் மின் நிலையத்தில் வேலை. அங்கே ஒரு கருவிக்குள் வட்டமான காகிதம் சுற்றும். நீராவியின் சூடு ஏறுவதையும் இறங்குவதையும் பேனா முள் ஒன்று அதில் கோடாக வரைந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் முடிந்தால் ஒரு வட்டம். பழையதாகிக் கழித்துப் போட்டதைக் கட்டாக வீட்டுக்குக் கொண்டுவருவார். மெல்லிய சிவப்பு வளையங்களுக்குள் அந்த நீலக்கோடு ஓடுவதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த இடத்தில் விடிந்திருக்கும், இந்த இடத்தில் நான் குழந்தைக்குப் பால் கொடுத்திருப்பேன், இந்த மேட்டில் ஊரெல்லாம் விளக்குப் போட்டிருப்பார்கள் என்று கணக்கில்லாமல் யோசனை போகும். சாயங்காலச் சங்கு ஊதும்போதுதான் அடுப்பு ஞாபகம் வரும். வட்டத்தைப் பாதியாக மடித்தால் பிறை மாதிரி ஒரு அட்டை. சிமெண்ட் மூட்டைக் காகிதத்தை நாலு மடிப்பாக ஒட்டினால் மூக்குக்கண்ணாடி உறை. மிச்சத்தில் பேனா வைக்கிற குவளை, சட்டைப் பைக்குள் அடங்குகிற விசிறி. ஆண்கள் எதையும் கேட்டு வாங்க மாட்டார்கள், கொடுத்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டார்கள். வாங்கிக்கொள்ளும்போது மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அந்த அழகுக்காகவே செய்துகொண்டிருந்தேன்.

இத்தனை ஆண்களுக்குச் செய்ததும் ஒரே ஒரு ஆணுக்காகத்தான். அது என் அப்பா.

அப்பா மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் கிளைத் தபால் ஆபீஸ் நடத்திவந்தார். ஆபீஸ் என்றால் எங்கள் வீட்டு முன்னறைதான். அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்து, படிக்க வைத்து, நெய்வேலியில் ஆசிரியை வேலைக்கும் அனுப்பியவர். நான் இங்கே வந்து, திருநெல்வேலிப் பக்கத்து ஆள் ஒருவரை, எங்கள் சாதியில் இல்லாதவரை, ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டேன். சொல்லிவிட்டுத்தான் செய்தேன். "இனிமே இந்த வூட்டுப் படி ஏறாத" என்றார். ஏறவில்லை. பிடிவாதத்தில் நான் அவர் மகள்தானே.

ஆனால் கடிதம் எழுதினேன். எழுதியவையெல்லாம் திரும்பி வந்தன. உறை பிரிக்கப்படாமல், மேலே "வாங்க மறுப்பு" என்று அவருடைய முத்து முத்தான கையெழுத்தில். பக்கத்திலேயே தேதி முத்திரை, ஒரு இம்மியும் சாயாமல். மறுத்தவரும் அவரே, முத்திரை குத்தியவரும் அவரே. நாலாவது கடிதம் திரும்பியபோது அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அழுதேன்.

அப்போதுதான் பொங்கல் வாழ்த்து ஞாபகம் வந்தது. வாழ்த்து அட்டையை உறையில் போட்டு, ஒட்டாமல் மடிப்பை உள்ளே செருகி, மேலே புக் போஸ்ட் என்று எழுதிவிட்டால் குறைந்த தபால்தலையில் போகும். ஒரே நிபந்தனை, வாழ்த்தைத் தவிர வேறு சமாச்சாரம் கூடாது, ஐந்து சொல்லுக்கு மேலும் கூடாது. அதை எனக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். ஆறாவது சொல்லைக் கண்டால் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எண்ணுவார். அவரைப் பொறுத்தவரை கடிதம் என்பது உறவு. அட்டை என்பது ஊர் வழக்கம். தை பிறந்தால் மளிகைக் கடைக்காரர்கூட அனுப்புவார், அதைப் போய் யாரும் மறுப்பதில்லை. அந்தச் சந்துக்குள் நான் நுழைந்தேன்.

அன்புள்ள அப்பாவுக்குப் பொங்கல் வாழ்த்துகள், மகள். எண்ணிப் பாருங்கள், சரியாக ஐந்து.

சொல் அவ்வளவுதான். படம் எத்தனை குத்தலாம் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. அப்பாவுக்குக் காளையும் கலப்பையும் பொருந்தாது. தபால் பிரிக்கும் மேசைக்கு மேலே, உத்திரத்தில் சிட்டுக்குருவிகள் கூடு கட்டியிருந்தன. மேசையில் ஒரு தூசி இருந்தால் ஊரைக் கூட்டுகிறவர், குருவி போட்ட வைக்கோலை மட்டும் வாயைத் திறக்காமல் கையால் கூட்டி எடுப்பார். அதனால் குருவி. நம் ஊர் நிலக்கரி பழுப்பு நிறம்தானே, ஒரு துண்டைப் பொடித்து வேலம்பிசினில் குழைத்தேன். குருவியின் முதுகுக்கு அதைவிடப் பொருத்தமான மை கடையில் கிடைக்காது. முதல் வருஷம் ஒரு கம்பியில் இரண்டு குருவி. நானும் அவரும். அட்டை திரும்பி வரவில்லை. பதிலும் வரவில்லை, ஆனால் திரும்பவில்லை. நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன்.

அடுத்த வருஷம் மகள் பிறந்திருந்தாள். இரண்டு குருவிக்கும் நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு குஞ்சு குத்தினேன். அவருக்குப் பேத்தி பிறந்த செய்தி அந்தக் கிழங்குத் துண்டு வழியாகத்தான் போயிற்று. அதற்கும் ஒரு சத்தமும் இல்லை. தை போய், மாசி போய், பங்குனி வெயிலும் வந்துவிட்டது. அவர் அட்டையைப் பார்ப்பதே இல்லை, கட்டோடு கட்டாக எங்கேயோ போட்டு வைக்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன். வருத்தத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல் மற்ற ஆண்களுக்கெல்லாம் இன்னும் அழகாகச் செய்யத் தொடங்கினேன்.

மூன்றாவது வருஷம் கிட்டத்தட்ட நாற்பது அட்டை. எல்லாம் தரையில் காய்ந்துகொண்டிருந்தன. அப்பாவின் அட்டையில் பெரிய குருவி இரண்டையும் குத்திவிட்டு, குஞ்சு செதுக்கிய கிழங்குத் துண்டைத் தேடினால் கிண்ணத்தில் காணோம். மகள் மேசைக்கு அடியில் உட்கார்ந்து அதைத் தின்றுகொண்டிருந்தாள். வாயெல்லாம் நிலக்கரி. பயந்துபோய்த் தூக்கிக் கழுவி, விரலை விட்டுத் துழாவி, தண்ணீர் கொடுத்து, அவள் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவளைத் தோளில் போட்டுத் தட்டியபடியே நானும் தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது தரை சுத்தமாக இருந்தது. ஷிப்டுக்குக் கிளம்பிய கணவர், ஒத்தாசை என்று நினைத்து, விலாசம் எழுதி வைத்திருந்த உறைகளில் அட்டைகளைச் செருகிப் போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிட்டார். திரும்பி வந்ததும் குதித்தேன்.

"அப்பா அட்டையில குஞ்சு இல்லையே! பாக்கக் கூடாதா?"

"ஒரு குருவிதானே. வேணும்னா இன்னொண்ணு அனுப்பு" என்றார் அவர்.

அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அந்த மனுஷர் குருவியை எண்ணிக்கொண்டா உட்கார்ந்திருக்கப் போகிறார் என்று எனக்கு ஒரு வீம்பு. அந்த வீம்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் காலை. மார்கழிப் பனியில் எதிர் வரிசைக் குவார்ட்டர்ஸ் ஒன்றுகூடத் தெரியவில்லை. தெரு முழுக்கப் பால் காய்ச்சும் ஆவி மாதிரி இருந்தது. கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். பனிக்குள்ளிருந்து ஒரு வேட்டி மட்டும் நடந்து வந்தது. பிறகு கால்கள். பிறகு கையில் ஒரு துணிப்பை. ஒவ்வொரு வீட்டு எண்ணையும் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். கனவில் வருகிற ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போய்விடுவாரோ என்று தோன்றுமே, அப்படி நின்றேன். அப்பா என் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றார். முகம் மழிக்கவில்லை, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. அப்படி ஒருநாளும் அவரை நான் பார்த்ததில்லை.

"அப்பா" என்றேன்.

அவர் என்னைத் தாண்டி வீட்டுக்குள்ளே பார்த்தார். உள்ளே அரவம் எதுவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, பிரித்து, என் முகத்துக்கு நேரே பிடித்தார். இரண்டு குருவிக்கும் நடுவில் வெறும் கம்பியாகக் கிடந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க ஒண்ணு இருந்துதேம்மா. போன வருசம் இருந்துதே."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் குருவியை எண்ணியிருக்கிறார். தலையை மட்டும் வேகமாக ஆட்டினேன். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, அப்படியே கேட்டைப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இல்லப்பா, இருக்கா, உள்ளதான் தூங்கறா" என்று கத்தினேன். நைட் ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேரும் எழுந்திருக்கட்டும் என்று கத்தினேன்.

ஓடிப்போய்த் தொட்டிலிலிருந்து அப்படியே அள்ளிக்கொண்டு வந்தேன். தூக்கம் கலைந்த கோபத்தில் அவள் முகத்தைச் சுளித்தாள். அப்பா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கையை நீட்டினார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கால் விரலைத் தொட்டார், காதைத் தொட்டார், உச்சியில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். அவள் அழவில்லை.

"நேத்து சாயந்திரம் தபால்ல வந்துச்சி" என்றார், என்னைப் பார்க்காமல். "ராவெல்லாம் ஒக்காந்தே கெடந்தேன். ஆபீஸப் பூட்டிட்டு மொத பஸ்ஸப் புடிச்சி வந்துட்டேன். ஊர்த் தபாலு அத்தனயும் அங்கயே கெடக்குது."

என் அம்மா செத்த மறுநாள்கூட அந்த அறையைத் திறந்து வைத்து உட்கார்ந்தவர் அவர். அது அவருக்கும் அந்த நேரத்தில் நினைவு வந்திருக்க வேண்டும். பனி மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு கேட்டார். "பேரு இன்னா வச்சிருக்கே?"

அவருக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை. நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மா பேருதாம்பா."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பிறகு துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். குனிந்து, குழந்தையின் காதோரம், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் வாயால் அந்தப் பெயரைக் கேட்டுப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது எனக்கு.

"ம்" என்றாள் என் மகள்.