குட்டை புரண்ட வாரம்

என் வேலையை அம்மாவுக்கு விளக்கும் முயற்சியை எப்போதோ கைவிட்டுவிட்டேன். சிரம்பானில் நீர் ஆய்வுக்கூடம் ஒன்றில் இருக்கிறேன் என்றால், "தண்ணி அள்ளுறதுக்கா அவ்வளவு படிச்ச?" என்பார். ஒருவகையில் அவர் கேட்பதும் சரிதான். மாதந்தோறும் அதே ஆறுகளுக்கும் குட்டைகளுக்கும் போய், கருவியை நீரில் இறக்கி, போத்தல்களில் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவேன். பெரும்பாலும் எல்லாம் போன மாதம் இருந்தபடியே இருக்கும்.

கோலா சாவா பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில், பழைய ஈயச் சுரங்கக் குழி ஒன்று நீர் நிரம்பிக் கிடக்கிறது. பார்க்கச் சின்னக் குட்டைதான், ஆனால் ஆழம் அதிகம். ஒரு பக்கம் ஓடை உள்ளே வந்து, மறுபக்கம் வழிந்து ஆற்றில் சேர்வதால் அதுவும் எங்கள் பட்டியலில் இருந்தது. அங்கே ஒருவர் வலைக்கூண்டுகளில் திலாப்பியா மீன் வளர்த்தார். முன்பு லாரி ஓட்டியவர். போகும்போதெல்லாம் அவர் மனைவி எனக்குத் தேநீர் கொண்டுவந்து தருவார். நான் அவர்களை அங்கள், ஆண்ட்டி என்று கூப்பிடுவேன்.

பல வாரங்கள் மழையே இல்லாமல் வெயில் கொளுத்திவிட்டு, ஒரு மாலை காற்றும் மழையுமாகக் கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை நான் காரை எடுக்கும் முன்பே அங்கள் போன் செய்தார்.

"மிஸ், மீனெல்லாம் செத்துப் போச்சு. மருந்து ஊத்திட்டான்."

"யாரு அங்கள்?"

"வேற யாரு? என் தங்கச்சி வீட்டுக்காரன்தான். போலீஸ்ல ரிப்போட் பண்ணப் போறேன். நீங்க வந்து தண்ணிய எடுங்க லா."

எங்கள் படகை ஓட்டுபவர் கோலா பிலாவைச் சேர்ந்த மலாய்க்காரர். வயதில் பெரியவர் என்பதால் பாக் சிக் என்பேன். அவரையும் கூட்டிக்கொண்டு போனபோது வெயில் ஏறிவிட்டது. கூண்டுகளில் மீன்கள் வயிறு மேலாக வெள்ளை வெள்ளையாய் மிதந்தன. பச்சையாக இருக்கும் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. ஆண்ட்டி கைவலையால் அள்ளி அள்ளி உரச்சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். அங்கள் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

அவர் சந்தேகப்பட்டதில் காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய மச்சான் தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கிறவர். மழைக்கு முதல்நாள் குட்டையின் மேட்டுப் பக்கத்தில்தான் அடித்திருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. மச்சான் தன் மகள் கல்யாணத்துக்கு வீடு தேடி வந்து அழைக்கவில்லை, வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினார் என்பதுதான் தொடக்கம். அதற்கு மேல் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, ஒரே பாசாரில் காய்கறி வாங்க எதிரெதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்குப் போயிருந்தது.

அங்களும் படகில் ஏறிக்கொண்டார். குட்டையின் நடுவில் நிறுத்தி, கருவியைக் கம்பியோடு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். போன மாதம் இதே இடத்தில் மேல்தண்ணீர் வெதுவெதுப்பாகவும் அடித்தண்ணீர் நன்றாகக் குளிர்ந்தும் இருந்தது. அன்றைக்கோ மேலிருந்து கீழ்வரை ஒரே சூடு. கரைந்திருக்க வேண்டிய ஆக்சிஜன் மேலேயே மிகக் குறைவு, கீழே போகப் போக ஒன்றுமே இல்லை. அடியிலிருந்து ஒரு போத்தல் நீரை மேலே எடுத்து மூடியைத் திறந்ததும் பாக் சிக் முகத்தைச் சுளித்தார்.

"பாவ் தெலூர் பூசோக்," என்றார். அழுகிய முட்டை நாற்றம்.

அங்களிடமும் போத்தலை நீட்டினேன். முகர்ந்துவிட்டு, "இதான் மருந்தா?" என்றார்.

"இல்ல அங்கள், இது சேறு நாத்தம். வெயில் நாள்ல மேல உள்ள தண்ணி சூடாகி மேலயே நின்னுக்கும். அடியில உள்ளது குளிர்ந்து கனமா கிடக்கும். ரெண்டும் கலக்காது. அடியில இலை, தழை எல்லாம் அழுகி, அங்க இருக்கிற காத்த தின்னு தீத்துடும். திடீர்னு பெரிய மழை பேஞ்சா மேல்தண்ணியும் குளிர்ந்துடும். அப்ப குட்டையே புரண்டு, அடித்தண்ணி மேல வந்துடும். மீனுக்கு மூச்சு முட்டிப் போகும்."

அவர் படகோரம் கையை விட்டுத் தண்ணீரை அள்ளிப் பார்த்தார்.

"இத்தன வருஷமா புரளாத குட்ட, அவன் மருந்து அடிச்ச மறுநாள்தான் புரளுமா?"

புரண்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மருந்தும் கலந்திருக்கலாம் அல்லவா? மேட்டிலிருந்து மழைநீர் வழிந்து இறங்கிய தடம் கரையில் கண்ணுக்குத் தெரிந்தது. களைக்கொல்லிக்கென்று தனியாகச் சில போத்தல்களை நிரப்பினேன். "இதையும் பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் ரிப்போட் பண்ணாதீங்க அங்கள்," என்றேன். கரை ஏறியதும் அவர் ஆண்ட்டியின் கையிலிருந்த வலையை வாங்கிக்கொண்டார்.

தோட்டச் சாலையில் திரும்பி வரும்போது, பாலத்துக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் கையைக் காட்டினார். முழங்கால் வரை ரப்பர் காலணி, கழுத்தில் துண்டு. சொல்லாமலே யாரென்று புரிந்தது. காரை நிறுத்தினேன்.

"மிஸ், ஒண்ணு கேக்கணும். மச்சான் என்ன சொல்றாருன்னு தெரியும். நான் ஊத்தல. சாமி சத்தியமா ஊத்தல. ஆனா மழ வரும்னு தெரிஞ்சும் வேலை வாங்குற மண்டோர் அடிக்கச் சொன்னாரு, அடிச்சேன். அது ஓடி வந்து கொன்னிருக்குமா?"

அவர் என்னைத் தன் பக்கம் இழுக்க வந்ததாகத்தான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை. அவர் பயந்திருந்தார். அங்களுக்காவது கோபப்பட ஓர் ஆள் இருந்தார். இவருக்கு அதுவும் இல்லை.

"இப்ப தெரியாதுண்ணே. டெஸ்ட் வரட்டும்," என்றேன்.

"என் தங்கச்சி மாதிரி இருக்கீங்க. என்ன வந்தாலும் மறைக்காம சொல்லுங்க."

அந்த வாரம் முழுவதும் எனக்கு நிம்மதி இல்லை. எத்தனையோ முறை தண்ணீர் எடுத்திருக்கிறேன், அதன் முடிவுக்காக இரண்டு குடும்பங்கள் காத்திருந்ததில்லை. ஆய்வு செய்கிற தோழியிடம் தினமும் போய் நின்றேன். "நீ வந்து நின்னா மெஷின் வேகமா ஓடுமா?" என்று விரட்டினாள்.

முடிவு வந்தது. களைக்கொல்லியின் தடயம் எதுவும் இல்லை. மருந்து அடித்த இடத்து மழைநீர் மேட்டின் மறுபக்கத்து வாய்க்காலில்தான் அதிகம் இறங்கியிருக்க வேண்டும். போனில் சொல்ல மனம் வராமல் நேரில் போனேன். மச்சானையும் கரைக்கு வரச் சொல்லியிருந்தேன். அவர் வருவதை அங்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கள் கரைக்கே வந்திருக்க மாட்டார்.

இருவரும் கரையில் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். நடுவில் நின்று சொன்னேன். மச்சான் தண்ணீர் ஓரம் போய், குனிந்து முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். ஆண்ட்டி என்னைப் பார்த்தார். நாங்கள் இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

"அப்ப யாரும் செய்யலையா?" என்றார் அங்கள். அவர் குரலில் ஏமாற்றம் இருந்தது.

"யாரும் செய்யல அங்கள்."

இன்னொன்றையும் சொல்லவேண்டியிருந்தது. கூண்டுகளுக்குக் கீழே மீன் தின்னாமல் விட்ட தீவனம் மெத்தையாகப் படிந்திருந்தது. அடியில் காற்று இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். இழப்பில் இருக்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கி, கடைசியில் சொல்லிவிட்டேன்.

"நிறைய போட்டா சீக்கிரம் பெருசாகும்னு நெனச்சேன்," என்றார். பிறகு சிரிப்பு மாதிரி ஏதோ செய்தார்.

அதற்குள் மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்தபடி பக்கத்தில் வந்துவிட்டார். நேராக அங்களைப் பார்க்காமல், என்னிடம் கேட்பதுபோல் கேட்டார்: "மிஸ், ஓட தண்ணி உள்ள வர்ற வாய்கிட்ட கூண்ட போட்டா? அங்க ஆழமில்ல, எப்பவும் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும்."

நல்ல யோசனைதான் என்றேன். அங்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஒத்த ஆளு இழுக்க முடியாது லா அது," என்றார், யாரிடமும் இல்லாமல்.

"நான் ஒத்த ஆளுன்னு சொல்லலையே," என்றார் மச்சான்.

அதற்குமேல் அவர்கள் மன்னிப்பு எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆண்ட்டி தேநீர் கொண்டுவந்தபோது தட்டில் எல்லோருக்கும் சேர்த்துக் கோப்பைகள் இருந்தன.

அடுத்த மாதம் போனபோது கூண்டுகள் ஓடை வாய்க்கு இடம் மாறியிருந்தன. புதிய குஞ்சுகளும் விட்டிருந்தார்கள். அதன் பிறகு மறுபடியும் வெயில் காலம் வந்தது, மறுபடியும் பெருமழை. விடிந்ததும் எனக்கு மனம் கேட்காமல் அங்களுக்குப் போன் செய்தேன்.

"மீனு நல்லா இருக்கு மிஸ். மானம் கறுத்ததுமே பம்பு போட்டு தண்ணிக்குக் காத்து ஏத்த ஆரம்பிச்சுட்டோம்."

பின்னால் யாரோ சத்தமாக ஏதோ சொல்வது கேட்டது.

"நீங்க தூங்கிட்டீங்கன்னு சொல்லுங்க மச்சான், நான்தான் பாத்துக்கிட்டேன்னு சொல்லுங்க!"

"சும்மா இரு லா," என்று அங்கள் அவரை அதட்டிவிட்டு, "நீங்க எப்ப வர்றீங்க? ஆண்ட்டி கேக்குறா," என்றார்.

வரும் செவ்வாய்க்கிழமை என்றேன்.