முதலாளி ஒளித்து வைத்த காது

அந்தத் தெருவில் சோபாக்காரர் என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். சொந்தப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் தபால்காரரைத் தவிர வேறு யாரும் அதை உபயோகித்ததில்லை. கிழிந்த சோபா, உட்கார்ந்தால் முனகுகிற நாற்காலி, நடுவில் குழி விழுந்த பெஞ்சு என்று எதைக் கொண்டுபோய்ப் போட்டாலும், துணியை உரித்து, ஸ்பிரிங்கை இறுக்கி, புதுப் பஞ்சு அடைத்து நிமிர்த்தி வைத்துவிடுவார். ஒரே ஒரு குறை. சொன்ன தேதிக்குக் கொடுக்க மாட்டார். போய்க் கேட்டால், "வேலை முடிஞ்சுடுச்சுங்க, இன்னும் உக்காந்து பாக்கல" என்பார்.

உட்கார்ந்து பார்ப்பது என்றால் தூங்கிப் பார்ப்பது. தைத்து முடித்த எதிலும் ஒரு மத்தியானம் முழுக்கச் சாய்ந்து கிடக்காமல் வெளியே அனுப்ப மாட்டார். வேலை சுத்தமாக இருந்தால் கனவு வரும். எங்கேயாவது ஒரு முடிச்சு உறுத்தினால் வராது. இதுதான் அவருடைய சோதனை. வக்கீல் வீட்டு நாற்காலியில் படுத்தால் படிக்கட்டுகளாக வருகிறது, பாட்டு டீச்சர் வீட்டு சோபாவில் படுத்தால் தண்ணீரில் மிதக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். அவர் தைத்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் சிரித்து முடிப்பதற்குள் கண் சொக்கிவிடுவார்கள்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. சுவரோரம் துணி உரித்த கட்டைகள் எலும்பும் ஸ்பிரிங்குமாகச் சாய்ந்திருக்கும். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்தால் காற்றில் பஞ்சுத் துணுக்குகள் எழுவதும் இறங்குவதுமாக இருக்கும். ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின். அதன் முன்னால் அக்கா. அவரைவிட ஏழு வயது மூத்தவர். அக்காவுக்குப் பன்னிரண்டு வயதில் வந்த ஒரு காய்ச்சல் போகும்போது காதையும் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து எதிரே நிற்பவர்களின் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொண்டார். அக்காவும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பியும் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு இருவருமே மற்றவரைக் கைகாட்டினார்கள்.

மூன்றாவது ஆள் முதலாளி. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய நாற்காலியின் அடித்துணியை உரித்தபோது, உள்ளே பஞ்சைக் குடைந்துகொண்டு உள்ளங்கையளவு நாய்க்குட்டி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. சோபாக்காரர் நாற்காலிக்காரருக்கு போன் செய்தார். "எங்க வீட்டுல நாயே கிடையாதே. உள்ள இருந்தது எதுவா இருந்தாலும் நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். வளர்ந்த பிறகும் அது ஒரு குஷன் அளவைத் தாண்டவில்லை. ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடிந்து தொங்கும். வந்த அன்றே, தைத்து முடித்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்து இரண்டு பேரும் வேலை செய்வதைக் கண் கொட்டாமல் பார்த்தது. "பாருடா, முதலாளி வந்துட்டாரு" என்று அக்காதான் பெயர் வைத்தார். அதற்குப் பிறகு அவசரப்படுத்துகிற வாடிக்கையாளர்களிடம், "முதலாளி தூங்குறாரு, எழுந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்று சோபாக்காரர் பவ்யமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

முதலாளியின் மூளை உடம்பைவிடப் பெரியது. சோபாக்காரர் நல்ல நாற்காலியில் சாய்ந்து கண் மூடும் நேரமாகப் பார்த்து வாசலுக்கு ஓடி, ஆள் வந்தால் குரைக்கிற மாதிரியே இரண்டு தடவை குரைக்கும். அவர் அடித்துப்பிடித்து எழுந்து போய்த் தெருவைப் பார்ப்பார். ஈ காக்கை இருக்காது. திரும்பி வந்தால், அவர் சூடுபடுத்தி வைத்த இடத்தில் முதலாளி சுருண்டு கிடக்கும், குறட்டையோடு. இந்த ஏமாற்றுக்கு அவர் ஒரு மாதம் பலியானார். அதட்டினால் நொண்டும். முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, பார்க்கிறவர்கள் நெஞ்சு உருகும்படி நொண்டும். நடுவில் எந்தக் கால் என்று மறந்துபோய் வேறு காலைத் தூக்கிவிடும். அப்போதுதான் குட்டு உடையும். பேச்சை வளர்க்கிற வாடிக்கையாளருக்குக் கிளம்பும்போது ஒற்றைச் செருப்பு கிடைக்காது.

இப்படி இருந்த வீட்டுக்கு எட்டு மாதத்துக்கு முன்னால் காது மெஷின் வந்தது. முன்னொரு காலத்தில் வாங்கிய பழைய மெஷின் வெறும் இரைச்சல்தான் கொடுத்தது, மேஜை டிராயரில் போட்டுவிட்டார்கள். இது புதுசு, அவரை விதை அளவு. கடையில் அதைப் பொருத்திவிட்டு, "பின்னாலேருந்து கூப்பிட்டுப் பாருங்க" என்றார்கள். சோபாக்காரர் பின்னால் போய் நின்று, "அக்கா" என்றார். அக்கா திரும்பினார். அவ்வளவுதான், சோபாக்காரர் அந்தக் கடையிலேயே, நாலு பேர் முன்னால், தேம்பித் தேம்பி அழுதார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அன்று திறந்த வாய் பிறகு மூடவில்லை. முன்பெல்லாம் அக்காவிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் வேலையை நிறுத்தி, எதிரே போய் நின்று, வார்த்தை வார்த்தையாக வாயை அசைத்துச் சொல்ல வேண்டும். அதனால் முக்கியமானதை மட்டும் சொல்வார். இப்போது அந்தச் சிரமம் இல்லை. வாயில் நாலு ஆணியை இடுக்கிக்கொண்டு, முதுகைக் காட்டியபடி, சுத்தியலால் தட்டிக்கொண்டே பேசலாம். பேசினார். கண்ட கனவையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். அக்கா "உம்" கொட்டினார், "அப்புறம்?" என்றார், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். தம்பிக்கு மனசு நிறைந்துபோயிற்று.

இரண்டு மாதம் போனதும் மெஷின் காணாமல் போக ஆரம்பித்தது. மத்தியானம் காது அரிக்கிறது என்று அக்கா கழற்றி மேஜைமேல் வைப்பார். திரும்பிப் பார்த்தால் இருக்காது. முதலாளி மட்டும் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். சோபாக்காரர் பஞ்சு மூட்டையைக் கிளறுவார், ஸ்பிரிங்குக்குள் கையை விடுவார், கட்டைகளுக்கு அடியில் தவழ்வார். கிடைப்பதற்குள் டீ நேரம் வந்துவிடும். ஒரு பல் தடம்கூட மெஷினில் இருக்காது. "இந்த நாய்க்கு உன் காது மேல அப்படி என்னக்கா ஆசை?" என்று அலுத்துக்கொள்வார். அக்கா குனிந்து நூல் கோப்பார்.

வினை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. முந்தின நாள் முழுக்கத் தேடியும் மெஷின் கிடைக்கவில்லை. காலையில் பல் டாக்டரின் பெஞ்சைக் கொடுத்தாக வேண்டும், நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் போடுகிற நீள பெஞ்சு. மேல்துணியை அடித்து முடித்து, அவசரத்தில் இந்த ஒரு தடவை மட்டும் தூங்கிப் பார்க்காமலே வண்டியில் ஏற்றினார். பத்து மணிக்கு டாக்டர் கூப்பிட்டார்.

"என்னங்க இது, உங்க பெஞ்சு விசிலடிக்குது!"

"பெஞ்சா டாக்டர்?"

"உக்காந்தா கீ...ங்குது. எழுந்தா நிக்குது. இங்க வர்றவங்க ஏற்கெனவே பயந்துக்கிட்டுதான் வர்றாங்க. ரெண்டு பேர் பல்லோட ஓடிட்டாங்க."

சோபாக்காரர் ஓடினார். நோயாளிகள் எல்லாரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். அவர்கள் முன்னால் மண்டியிட்டுத் தையலைப் பிரித்துப் பஞ்சுக்குள் கையை விட்டபோது, விரலில் அவரை விதை தட்டுப்பட்டது, அமுங்கினால் விசிலடிக்கிற காது மெஷின். மானமே போயிற்று. டாக்டர் நல்ல மனிதர், விஷயத்தைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். "எங்க மாமியார் தனியாதான் இருக்காங்க. இப்படி ஒரு கில்லாடி கூட இருந்தா அவங்களுக்குப் பொழுது போகும். எனக்குக் குடுத்துடுங்களேன். ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

சோபாக்காரர் சரி என்று தலையை ஆட்டிவிட்டார். வெட்கம் மட்டும் காரணமில்லை. இன்றைக்கு பெஞ்சுக்குள் போனது நாளைக்கு நாயின் வயிற்றுக்குள் போகாது என்று என்ன நிச்சயம்? அக்காவுக்கு மறுபடியும் எல்லாம் அடைத்துப்போனால்? நாயா, அக்காவின் காதா என்றால் அதில் யோசிக்க என்ன இருக்கிறது? வீட்டுக்கு வந்து சொன்னார். அக்கா, "ஞாயித்துக்கிழமையா?" என்று மட்டும் கேட்டார். அன்று தைத்த உறையில் தையல் கோணிக்கொண்டு போயிருந்தது. அக்கா கையில் அப்படி நடந்து அவர் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம். அகலமான ஒரு சாய்வு நாற்காலியைச் சோதிக்க வேண்டியிருந்தது. சாய்ந்தார். வெயில் தரையில் நீளமாகப் படுத்திருந்தது. பஞ்சுத் துணுக்குகள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. அறை மெல்ல விலகிப் போய், எங்கேயோ தண்ணீருக்கு அடியில் இருப்பது போலத் தோன்றியது. பாதி மூடிய இமை வழியாக அவர் பார்த்தார்.

அக்கா காதிலிருந்து மெஷினை எடுத்தார். முந்தானையால் துடைத்தார். முழங்காலை இரண்டு தடவை தட்டினார். முதலாளி சத்தமில்லாமல் வந்து நின்றது. அக்கா குனிந்து மெஷினை நீட்டி, "பத்திரம்" என்று வாயசைத்தார். நாய் அதை உதட்டு நுனியால், முட்டையை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு பஞ்சு மூட்டைக்குப் பின்னால் போயிற்று. வெறும் வாயோடு திரும்பி வந்தது. அக்கா ஒரு பிஸ்கட் துண்டைக் கொடுத்துவிட்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மூடினார்.

நல்ல நாற்காலி, கனவு வந்துவிட்டது என்றுதான் சோபாக்காரர் முதலில் நினைத்தார். ஆனால் கனவில் நாய் பிஸ்கட் கடிக்கிற சத்தம் இவ்வளவு மொறுமொறுவென்று கேட்காது. எழுந்து போய் அக்கா முன்னால் நின்றார்.

"நீயேதான் குடுக்கிறியா? இத்தனை நாளும் நீயேதானா?"

அக்கா கண்ணைத் திறந்தார். "மெதுவாப் பேசுடா. புரியல."

"என் பேச்சு உனக்கு அவ்வளவு இம்சையா இருக்கா?" அவருக்குச் சின்னப் பிள்ளை மாதிரி கோபம் வந்தது. "சொல்லியிருக்கலாம் இல்ல? நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேன். நாய் மேல பழியைப் போட்டு, அதை வீட்டை விட்டே அனுப்புற வரைக்கும்..."

அக்கா அவர் உதட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இம்சை இல்லடா. உனக்கு ஒரு குரல் இருந்தது. எனக்குள்ள. உன் வாயைப் பார்த்துப் பார்த்து நானா உண்டாக்கி வச்சிருந்தேன். கனமா, நிதானமா இருக்கும். நாப்பது வருஷத்துக்கு மேல அந்தக் குரல்லதான் நீ எங்கிட்ட பேசினே. அன்னைக்குக் கடையில பின்னாலேருந்து ஒரு குரல் கேட்டுது. யாருடா இதுன்னுதான் திரும்பிப் பார்த்தேன்."

"கீச்சுக்குரல்னு சொல்ல வர்றே."

"கீச்சுக்குரல்தான். நல்ல குரல்தான், குறை சொல்லல. ஆனா அது யாரோ வேற ஆளு. அதைக் கேக்கக் கேக்க, எங்கிட்ட இருந்த குரல் தேஞ்சுக்கிட்டே போகுதுடா. அதான் மத்தியானம் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கிட்டு அதைத் தேடுறேன்."

"வேண்டாம்னு சொல்லிக் கழட்டி வச்சிருக்கலாமேக்கா."

"எப்படிடா வேண்டாம்னு சொல்றது? நீ அப்படி அழுதியே. நாய் தூக்கிட்டுப் போச்சுன்னா உனக்கு நாய் மேலதானே கோபம் வரும்? நாளைக்கு டாக்டர் வர்றதுக்குள்ள எப்படியாவது சொல்லிடணும்னுதான் நினைச்சேன். வாய் வரல."

சோபாக்காரர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்காவின் புருவத்தில் இரண்டு முடி நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை. எட்டு மாதமாகத் தான் இந்த முகத்துக்கு எதிரே வந்து நிற்கவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முதுகைக் காட்டிக்கொண்டு பேசிய பேச்சையெல்லாம் நினைத்துக் கூசிப்போனார்.

"அந்தக் குரல் இன்னைக்குக் கிடைச்சுதா?" என்று கேட்டார்.

அக்கா இல்லை என்று தலையை ஆட்டினார். "நாலு நாளா வரல. போயிடுச்சோ என்னமோ."

அவர் ஸ்டூலை இழுத்து, முழங்கால் இடிக்கிற தூரத்தில் எதிரே உட்கார்ந்தார். அக்காவின் முகத்தில் வெயில் விழாதபடி நகர்ந்துகொண்டார். தன் கீச்சுக்குரல் துளிகூட வெளியே வராமல் தொண்டையை மூடிக்கொண்டு, எட்டு மாதமாக மறந்துபோயிருந்த பழைய வேகத்தில், ஒவ்வொரு எழுத்தாக உதட்டை அசைத்தார். டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். முதலாளி எங்கயும் போகல.

அக்கா அசையாமல் பார்த்தார். "இன்னொரு தடவை" என்றார்.

அவர் மறுபடியும் சத்தமில்லாமல் சொன்னார். பாதியிலேயே அக்காவின் கண் நிறைந்துவிட்டது. கையை நீட்டித் தம்பியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"கேக்குதுடா" என்றார் அக்கா. "நிறுத்திடாத. பேசிக்கிட்டே இரு."