டேப் முடிந்த இடம்

போன ஞாயிறு காலை வெள்ளவத்தை வீட்டில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். ஹாலில் மகள் கைபேசியில் ஒரு பாட்டைப் போட்டாள். அதன் முதல் நாலு தட்டுக் கேட்டதும் அகப்பையும் கையுமாக ஓடினேன். சிரிக்காதீர்கள். இப்போதெல்லாம் எந்தச் சத்தத்துக்கும் ஓடுகிற ஆள் நான். மழை நாளொன்றில் காலி வீதியில் அவள் ஸ்கூட்டரோடு சறுக்கி, இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அவள் கைக்குப் போட்ட கட்டை அவிழ்த்தாயிற்று. என் நடுக்கம்தான் இன்னும் போகவில்லை.

"இது உங்கட காலத்துப் பாட்டு அல்பமாம், அப்பா. கேட்டிருக்கிறீங்களா?"

கேட்டிருக்கிறேனாவது! மீன் வாசம் போய் மூக்கில் கொட்டாஞ்சேனை ஏறியது: சூடான பிளாஸ்டிக், ஊதுவத்தி, பக்கத்துக் கடையில் மீன் அடைத்துச் சுடுகிற மாலுபாண். அங்கே ரஷீத் நானாவின் ரெக்கோர்டிங் பார் இருந்தது. கேட்கிற அல்பத்தை கசெட்டில் பதிந்து தருவார். சின்ன கசெட் என்றால் பக்கத்துக்கு அரை மணித்தியாலம். டேப் முடிகிற இடத்தில் பாட்டும் நிற்கும். கடைசியில் டேப் மிஞ்சினாலோ, தனக்குப் பிடித்த பைலா ஆட்டப் பாட்டைப் போட்டு நிரப்புவார்.

"ப்ளூஸ் கேட்டா பைலாவும் தாறீங்களே, நானா?"

"டேப்ப சும்மா உட ஏலா தம்பி. அழுதுட்டு அப்படியே போறதா? கொஞ்சம் ஆடிட்டுப் போங்க."

மகள் போட்ட அந்த ப்ளூஸ் அல்பத்தின் அமெரிக்கக் கித்தார்க்காரர் அவசரமே படமாட்டார். ஒரு வரி பாடுவார், நிறுத்துவார். கித்தார் பதில் சொல்லும். பக்கத்து வீட்டு மனுசனோடு மதில் மேலால் கதைப்பதுபோல. எங்களைக் கட்டிப்போட்டது அவர் கம்பியை இழுக்கிற விதம். ஒரு சுரத்தை விரலால் தள்ளித் தள்ளி அடுத்த சுரத்துக்கு ஏற்றுவார். நம் கழுத்தும் கூடவே நீளும். முதல் பக்கத்துக் கடைசிப் பாட்டில் அப்படி ஏறிக்கொண்டிருக்கும்போதே, டக்! டேப் முடிந்துவிடும்.

அது டேப்பின் குறை என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை. என் நண்பன் செல்வன் இதற்கொரு விளக்கமே வைத்திருந்தான்: "வேணுமெண்டுதான் பாதியில விடுறான் மச்சான். மிச்சத்த நாங்களே நினைச்சுக்கொள்ளோணும்." எனக்கும் அது ஞானமாகப் பட்டது. பஸ்ஸில் சந்திக்கிறவர்களிடமெல்லாம் அந்தத் துணிச்சலைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன்.

இப்போது மகளின் கைபேசியில் அந்தப் பாட்டின் அதே இடம் வந்தது. கித்தார் ஏறியது. நான் பழக்கத்தில் மூச்சை அடக்கினேன். டக் வரவில்லை. சுரம் மேலே போய்ச் சேர்ந்து, நடுங்கி, இறங்கி, பாட்டு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"என்னப்பா, முகம் ஒரு மாதிரி?"

"இது... இதோட முடியிற பாட்டு."

"ஆர் சொன்னது? இன்னும் ரெண்டு நிமிசம் கிடக்கு."

சொல்லிவிட்டுத் தன் கித்தாரை எடுத்தாள். நான் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டேன். ஸ்கூட்டர் சாவி என்னிடம் இருந்தது. டொக்டர் ஓடலாம் என்ற பிறகும், "கித்தார்க் கம்பியை முழுசா இழுக்கிற பலம் வரட்டும், சாவி தாறன். பிரேக்கும் அந்தக் கையாலதானே பிடிக்கோணும்" என்று நானே சட்டம் போட்டிருந்தேன். அதற்கு எப்படியும் சித்திரை ஆகிவிடும் என்று என் கணக்கு.

இழுத்தாள். சுரம் பாதியில் சரிந்தது.

"நோகுதா பிள்ளை? காணும், விடு."

"கதைக்காதீங்கோ அப்பா."

மறுபடி இழுத்தாள். உதட்டைக் கடித்தாள். சுரம் ஏறியது. வந்துவிடு என்றும் வராதே என்றும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்ட தகப்பன் கொழும்பில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அது ஏறி, சரியான இடத்தில் போய் நின்றது. அழகாக நடுங்கவும் செய்தது.

"சரியா?"

"சரி." வேறென்ன சொல்வது? காதில் விழுந்ததை இல்லையென்று சொல்ல முடியுமா?

உள்ளங்கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். மீன் கருகியிருந்தது, இருவரும் கவனிக்கவில்லை.

ரஷீத் நானாவின் கடையில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள். செல்வன் கனடாவில். என் கசெட் கடல் காற்றில் பூஞ்சணம் பிடித்துப் போனது. இனி அந்தப் பாட்டை எங்கே போட்டாலும் முழுதாகத்தான் ஓடும். கீழே ஸ்கூட்டர் உறுமியது. பல்கனிக்குப் போனேன். ஒழுங்கையைத் தாண்டி, காலி வீதி பஸ் இரைச்சலில் கலந்து, அந்தச் சத்தம் கேட்காமல் போனது.