பலகை மாட்டிய கை

ஒரு முழ நீளக் கரும்பலகை. அதில் வெள்ளைப் பெயின்டால் 'நான் மாடு' என்று எழுதி, இரண்டு ஓட்டையில் சணல் கோத்திருக்கும். கடலூர் முதுநகரில் நான் ஆயாவாக இருந்த பள்ளியில், இங்கிலீஷ் தப்பாகச் சொன்ன பெண்ணின் கழுத்தில் அதை மாட்டி, வகுப்பு வகுப்பாக அழைத்துப் போவது என் வேலை. நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் முப்பது வருஷம் காதில் விழுந்த 'கோ, வென்ட், கான்' எனக்குத் தூக்கத்திலும் பிசகாது. பெரிய டீச்சரே, "ஒனக்குத் தெரிஞ்சதுகூட இதுங்களுக்குத் தெரியலியேடி" என்பார். அந்தப் பெருமையில் நிமிர்ந்து நடந்தவள் நான்.

என் மகள் ஒன்பதாவது படிக்கும்போது, கனவு கண்டேன் என்பதற்கு 'ட்ரெம்ட்' என்னாமல் 'ட்ரீம்டு' என்று சொல்லிவிட்டாள். பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"ஒம் பொண்ணுன்னு பாக்குறியா?"

"யாரா இருந்தா என்னங்க டீச்சர்" என்று நானே மாட்டினேன். சணல் அவள் முடியில் சிக்கியது, இழுத்துவிட்டேன். பன்னிரண்டு வகுப்பு சுற்றி வந்தோம். மறுநாள் முதல் அவள் பள்ளிக்கு வரவில்லை. பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போனாள், இன்றும் அதுதான். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல்களெல்லாம் தோலுரிந்து கறுத்துக் கிடக்கின்றன.

போன மாதம் சிதம்பரத்தில், படுக்கையாகிவிட்ட அந்தப் பெரிய டீச்சரைப் பார்க்கப் போனேன். கட்டிலருகே பக்கத்து வீட்டுப் பெண் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தது. 'ட்ரீம்டு' என்றது. டீச்சர் சரியென்று தலையாட்டினார்.

"தப்புங்களே டீச்சர்?"

"இல்லடி. தெனம் சொல்ற கோ, வென்ட் எல்லாம் எத்தினி காலமானாலும் மாறாது. எப்பவாச்சும் சொல்றதுதான் பழைய உருவம் மறந்து, மத்த சொல்லுங்க மாதிரி 'டு' சேத்துக்கும். எல்லாம் ஜனங்க வாய்தான். ரெண்டும் சரி."

"எப்பலேருந்துங்க?"

"அப்பவே ரெண்டும் உண்டு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஒண்ணுதான் சரின்னாத்தான் பயப்புடுவாளுங்க. ஆமா, ஒம் பொண்ணு என்ன பண்றா?"

எழுந்து வந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்தே மகளுக்குப் போன் போட்டேன். நீ அன்றைக்குச் சொன்னது சரிதானாம், அந்தப் பாவி இப்போது சொல்கிறாள் என்றேன்.

அந்தப் பக்கம் கொட்டை உடைக்கும் சத்தம் நிற்கவில்லை.

"தெரியும்மா. அன்னிக்குச் சாயங்காலமே டிக்‌ஷனரி எடுத்தாந்து ஒங்கிட்ட காட்டுனேன்ல. எம் மானத்த வாங்குனது பத்தாதா, டீச்சருக்கே பாடம் சொல்றியான்னு சோத்துத் தட்டப் புடுங்கிட்ட."

எனக்கு அது நினைவிலேயே இல்லை.