விட்ட கேட்சுக்குக் கட்டம் இல்லை

போன வாரம் மகள் கல்லூரிப் புள்ளியியல் பாடத்துக்காக பேஸ்பால் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். பந்து வீசுகிறவன் எத்தனை ரன் கொடுத்தான் என்று பார்த்து அவனை எடை போடுவார்களாம். "ஆனா அப்பா, ஃபீல்டர் மிஸ் பண்ணி வர்ற ரன் பிட்சர் மேல வராது. இட்ஸ் நாட் ஹிஸ் ஃபால்ட்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

இன்சுலேஷன் டேப்பின் வாசனை உங்களுக்குத் தெரியுமா? வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில், டென்னிஸ் பந்தில் அதைச் சுற்றித்தான் முவைலா மணல் திடலில் வெள்ளிக்கிழமைகளில் கிரிக்கெட் ஆடினோம். எனக்கு ஆட வராது. கம்பெனியில் ஆட்களின் வேலை நேரம் குறிக்கும் டைம்கீப்பர் என்பதால் ஸ்கோர் எழுதும் வேலை. எழுதியதோடு நிற்கலாமில்லையா? பெரிய மேதாவி மாதிரி எக்செல்லில் ஏற்றி, ஓவருக்கு எத்தனை ரன் என்று பந்துவீச்சாளர்களை வரிசைப்படுத்தி, மெஸ் கதவில் ஒட்டினேன்.

சாரம் கட்டும் யோகன், ஹட்டன்காரன், எங்களில் நல்ல பந்துவீச்சாளன். அவன் பந்தில் கிளம்பும் கேட்செல்லாம் எங்கள் தங்குமிடத்தை மேய்க்கும் கேம்ப் பாஸ் கைக்குப் போய் நழுவும். அவரை வெளியே உட்காரச் சொல்வது யார்? லீவு பாரத்தில் கையெழுத்துப் போடுகிறவர். நழுவியதெல்லாம் ரன்னாகி யோகன் பெயரில் ஏறியது. மேனேஜர் பட்டியலைப் பார்த்தார், கடைசியில் இருந்தவனை அணியிலிருந்து எடுத்துவிட்டார்.

அணியில் இருந்தால்தான் வெள்ளிக்கிழமை டியூட்டி கிடையாது. அஜ்மானில் வீட்டுவேலை செய்த அவன் மனைவியையும் அன்று மட்டும்தான் வெளியே விடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் இருவரும் திடலோரம் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

"அண்ணே, நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டான். என் லீவு பாரமும் அதே கேம்ப் பாஸ் மேசையில்தான் கிடந்தது. பட்டியல் கதவிலேயே இருந்தது.

அடுத்த வெள்ளி யோகன் மனைவி வந்தாள். வேலை பார்க்கும் வீட்டில் போன் வைத்துக்கொள்ள விடாததால் விஷயம் தெரியாது.

"அவரு இன்னைக்கு வரலிங்களா அண்ணே?"

"டியூட்டிம்மா."

ஆட்டம் முடியும்வரை டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தாள். நான் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தேன்.

திடல் இப்போது கட்டடமாகிவிட்டது. கேம்பை இடித்துவிட்டார்கள். விசா முடிந்து போன யோகனின் நம்பர் யாரிடமும் இல்லை. நேற்று அந்தப் பழைய எக்செல்லைத் திறந்து, விட்ட கேட்சுகளுக்கு ஒரு கட்டம் சேர்த்து, நினைவிருந்த மட்டும் அந்த ரன்களைக் கழித்துப் பார்த்தேன். யோகன் முதலிடத்துக்கு வந்துவிட்டான். ஒட்டுவதற்குத்தான் கதவு இல்லை.