விழ விடாத பலகை

எண்பதுகளில் அவர் கொடைக்கானலில் டிரில் வாத்தியார். நான் தச்சு வேலை பார்த்தேன். குள்ளமான ஆள், சின்னத் தொப்பை, வெயிலிலும் கழற்றாத குரங்குக் குல்லா. லீவுக்குக் காஷ்மீர் போய்ப் புதுப் பனியில் சறுக்கியே தீருவேன் என்று நின்றார்.

அதற்காக என்னிடம் இரண்டு பலகை செய்து வாங்கினார். இரண்டும் நெடுக்காகப் பிளந்தவை. காலுக்கு ஒரு பாதியாகக் கட்டிக்கொண்டு பனிமலை ஏறவேண்டும். உச்சியில் கொண்டி போட்டு ஒன்றாக்கி, மேலே நின்று சறுக்கவேண்டும். ஒன்று நீளம். மற்றது குட்டை, இரு முனையும் மேலே வளைந்தது. பஸ்ஸில் ஒன்றைத்தான் கொண்டுபோக முடியும்.

அட்டுவம்பட்டிப் பக்கம் பைன் மரச் சரிவில், உதிர்ந்து கிடக்கும் ஊசியிலைமேல் ஓட்டிப் பார்த்தார். பலகையின் அடியில் மாதா கோயில் மெழுகுவத்தித் துண்டைத் தேய்ப்பார். சிலுவை போட்டுக்கொண்டு கிளம்புவார். நீளப் பலகை அவரைப் பத்திரமாகக் கீழே சேர்த்தது. குட்டைப் பலகையில் சுற்றினார், பின்பக்கமாகப் போனார், குப்புற விழுந்தார்.

"நீளத்தையே எடுத்துக்கங்க சார். எலும்பாச்சும் மிஞ்சும்" என்றேன்.

"அது விழவே விடமாட்டேங்குது ஆசாரி. அதுல என்னய்யா வெளையாட்டு?"

குட்டையோடு போனார். திரும்பி வந்தபோது கையில் மாவுக்கட்டு.

"அன்னைக்கே சொன்னேன்ல சார்?"

"பனியில ஒண்ணும் ஆகலய்யா, பஞ்சு மாதிரி கெடந்துச்சு. வத்தலக்குண்டுல பஸ்ஸ விட்டு எறங்கயில விழுந்துட்டேன்."

நீளப் பலகையைப் பட்டறை வாசலில் பெஞ்சாகப் போட்டேன். அதில் உட்கார்ந்து யாரும் விழுந்ததில்லை. அவர் மட்டும், எப்போது வந்தாலும், நின்றுகொண்டேதான் டீ குடிப்பார்.