அமாவாசைக் காட்சி

தியேட்டர் முதலாளி அன்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "இந்த ஒரு ஷோவுக்குப் பாதி ஹாலாவது நிறையணும். இல்லன்னா தியேட்டர ஜவுளிக்கடைக்காரருக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவேன். அப்புறம் என்னாண்ட வந்து மூஞ்சியத் தூக்கி வெச்சிக்காதமா."

பாட்டும் சண்டையும் இல்லாத படங்களைப் போட, பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் ஐந்தாறு பேருக்கு இருந்த ஒரே இடம் அந்தப் பழைய தியேட்டர்தான். ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் திரையிட்டோம். வந்தவர்களைவிட உள்ளே புறாக்கள் அதிகம். வங்கி வேலை போக மிச்ச நேரத்தையெல்லாம் இதற்கே கொடுத்தவள் நான். கோபம் வந்தால் என் நாக்கு நிற்காது. இந்த ஊருக்கு ரசனையே கிடையாது என்று ஆபரேட்டர் அண்ணனிடம் கொட்டித் தீர்த்தேன்.

அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஞாயித்துக்கெழமை யாருக்கு லீவு? உனக்கு லீவு. தறிக்காரனுக்கு அமாவாசதான் லீவு. இந்த ஊர்லயே பொறந்துட்டு இதுகூடத் தெரியலியேமா உனக்கு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

காட்சியை அமாவாசைக்கு மாற்றினோம். அது செவ்வாய்க்கிழமை வந்தது. வங்கிக்கு லீவு போட்டேன். படையல் முடித்து, சாப்பிட்டு, மத்தியானம் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பாதி ஹாலுக்கு மேல் நிறைந்தது. பின்சுவரில் சாய்ந்து முதலாளி நின்றார். படம் ஒரு நெசவாளியைப் பற்றியது, எடுத்தவர் வெளியூர்க்காரர். அரைமணி நேரம் யாரும் அசையவில்லை. திடீரென்று முன்வரிசையில் ஒருவர் எழுந்து கத்தினார்.

"யோவ், கோர்வைப் புடவைய ஒத்த ஆளா நெய்யறான் பாருய்யா! எதிர்ப்பக்கம் ஆளு எங்க?"

ஹால் முழுக்கக் கூச்சல். கோர்வையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். இரண்டையும் பூட்டி நெய்ய, தறியின் மறுபக்கம் இன்னொருவர் உட்கார்ந்து கரைநூல் ஓடும் நாடாவைப் போட்டே ஆக வேண்டும். திரையில் இருந்தவன் தன்னந்தனியாக நெய்துகொண்டிருந்தான். நான்கு முறை பார்த்த படம், என் கண்ணில் அது படவே இல்லை. நாற்காலி ஒன்று உடைந்தாலும் முதலாளிக்குச் சாக்குக் கிடைத்துவிடும். ஆபரேட்டர் அறைக்கு ஓடினேன். "அண்ணா, எதையாவது பண்ணி வேகமா ஓட்டுங்க!"

அவர் படத்தை நிறுத்தினார். பின்னால் தள்ளி, அதே காட்சியை மறுபடியும் ஓட்டினார். எனக்கு அவரை அடித்துவிடலாம் போல ஆத்திரம். "கத்தறாங்கன்னா பாக்கறாங்கன்னு அர்த்தம். சும்மா இரும்மா," என்றார்.

கீழே ஒரு அம்மாள் எழுந்து நின்றாள். அவள் குரலுக்கு மற்றவர்கள் அடங்கினார்கள். "எங்க வூட்ல எதிர்ப்பக்கம் ஒக்காந்துக்கினு நாடா போடறது நான்தான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து போடறேன். போட்டோ எடுக்க வர்றவன்லாம் என்னை நகரச் சொல்றான். இவனும் அதான் பண்ணிக்கிறான்."

படம் முடிந்தும் ஒருவரும் எழவில்லை. சாயங்காலம் வரை வாக்குவாதம். முதலாளி என்னிடம் வந்தார். ஒழிந்தது என்று நினைத்தேன். "படம் புடிக்கலன்னா சீட்டக் கிழிப்பானுங்க. ஒக்காந்து நியாயம் கேட்டு இப்பதான் பாக்கறேன். அடுத்த அமாவாச வரைக்கும் கையெழுத்துப் போட மாட்டேன். அதுக்கு மேல கேக்காத."

அதன்பின் மாதாமாதம் அதே பதில்தான். ஒவ்வொரு அமாவாசையும் எனக்குப் பரீட்சை நாள். ஜவுளிக்கடைக்காரர் இன்னமும் போன் செய்துகொண்டேதான் இருக்கிறார். ஆபரேட்டர் அண்ணன் போன வருடம் இறந்துவிட்டார்.

சென்ற அமாவாசை அன்று, காட்சி முடிந்ததும் அந்த அம்மாள் மறுபடியும் எழுந்தாள். "போன வாரம் எங்க தறிக்குக் கேமராவோட ஒருத்தர் வந்தாருமா. என்னைக் கொஞ்சம் நகரச் சொன்னாரு. நான் நகரல."

ஹாலே கைதட்டியது. இதைக் கேட்க அண்ணன் இல்லையே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, முதலாளி பக்கத்தில் வந்து நின்றார்.

"அடுத்த அமாவாசைக்கு என்னா படம்மா போடப்போற?"

அவராக அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.